408 வெற்றிகளும் ஓர் உபாத்தியாயரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களில், பொது ஊழியர் அனைவரிலும் மிக அதிகமான ஊதியம் பெறுபவர் யார் என்று விசாரிக்கப் புகுந்தால், அவர் கவர்னருமல்லர், பிரதம நீதிபதியுமல்லர், சர்வகலாசாலையின் தலைவருமல்லர், அந்தச் சர்வகலாசாலையின் புட்பால் கோஷ்டிக்குப் பயிற்சி அளிப்பவரே என்பது தெரியவரும். 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலை தன் பயிற்சியாளராகிய ஜிம்போ பிஷரை, எதிர்பார்த்த வெற்றிகளைத் தேடித் தரவில்லை என்பதற்காக ஒப்பந்தம் முடியுமுன்னரே விலக்கியபோது, அவருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம். பயிற்சியாளர் என்பவர் அடிப்படையில் ஓர் உபாத்தியாயர், கல்லூரி என்பது வித்தை பயிலும் இடம், மைதானத்தில் ஓடுகிறவர்கள் பெற்றோர் நம்பி அனுப்பிவைத்த பிள்ளைகள் என்ற எளிய உண்மைகள் மூன்றும், இத்தகைய பணப் புழக்கத்திற்கு நடுவே மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. ஆகவேதான், 1941ஆம் ஆண்டில் மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளத்திற்கு ஒரு சிற்றூர்க் கல்லூரியில் சேர்ந்து, ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற எட்டி ராபின்சனின் சரித்திரத்தை, விளையாட்டில் சிரத்தை உள்ளவர்கள் மட்டுமன்றி, கல்வியில் சிரத்தை உள்ளவர்களும் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

அமெரிக்கர் புட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்தாட்டமன்று. பக்கத்திற்குப் பதினொருவராக நின்று, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தொலைவில் வீசியும், குறுக்கே வருபவரை உடலால் மோதித் தடுத்தும், 100 கெஜ நீளமுள்ள மைதானத்தின் மறுகோடியைச் சென்றடைய முயலும் கடுமையான ஆட்டம் அது. ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு ஆடுவதால், வகுப்பவராகிய பயிற்சியாளருக்கு வேறெந்த ஆட்டத்திலும் இல்லாத ஆதிக்கம் இதில் உண்டு. ஆடுகளத்தில் அந்த வியூகத்தை நடத்தும் தளகர்த்தன் போன்றவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். இந்த ஸ்தானத்தின் மகிமையை மனத்தில் கொண்டால்தான், ராபின்சன் செய்த காரியங்களில் தலையாய ஒன்றின் பெருமை விளங்கும்.

லூயிசியானா மாநிலத்தில் ஜாக்சன் என்ற சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத தந்தைக்கும், பிறர் வீட்டில் பணி செய்த தாய்க்கும், 1919 பிப்ரவரி 13ஆம் தேதி பிறந்தவர் ராபின்சன். பேட்டன் ரூஜ் நகரில் வளர்ந்தார். அந்த நகரிலேயே இருந்த மாநிலத்தின் பெரிய சர்வகலாசாலை அவருடைய நிறத்தவரைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே கறுப்பினத்தவருக்கான லீலண்ட் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும், பயிற்சியாளராக வேண்டுமென்ற பால்ய வயது ஆசை கைகூட வழியில்லாமல், கால்நடைத் தீவனம் அரைக்கும் ஆலையொன்றில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான், வடக்கு லூயிசியானாவின் பைன் மரக் காடுகளுக்கு இடையே இருந்த கிராம்பிளிங் என்ற ஊரின் கறுப்பர் கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் தேவை என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. சுற்றுப்புறத்துக் கறுப்பின விவசாயிகள் தங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று முயன்றதன் பயனாக 1901இல் தோன்றிய கல்வி ஸ்தாபனம் அது. அதன் தலைவராக இருந்த ரால்ப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ், தலைமைப் பதவியோடு பேஸ்பால் கோஷ்டிக்குப் பயிற்சி அளிக்கும் வேலையையும் தாமே பார்த்துக்கொண்டவர். இருபத்திரண்டு வயது ராபின்சனை அவர் நம்பி எடுத்துக்கொண்டார். அன்று தொடங்கிய அந்தக் கூட்டுப் பணி, ஜோன்ஸ் 1977இல் பதவி விட்டு விலகும்வரை நீடித்தது.

பயிற்சியாளர் என்ற பதவிப் பெயருக்குள் அன்று எத்தனை வேலைகள் அடங்கியிருந்தன என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. மைதானத்துப் புல்லை வெட்டியவர் அவரே. சுண்ணாம்பால் கோடு இட்டவர் அவரே. ஆட்டக்காரரின் கணுக்காலில் கட்டுப் போட்டவரும், ஆட்டம் முடிந்தபின் அதைப் பற்றிய செய்தியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவரும் அவரே. வெளியூருக்கு ஆடப் போகும்போது வழியிலுள்ள உணவு விடுதிகளில் கறுப்பினப் பிள்ளைகளை உட்காரவைத்து உணவளிக்க மாட்டார்கள் ஆகையால், புறப்படுமுன் அத்தனை பேருக்கும் ரொட்டிக்கிடையே இறைச்சி வைத்துப் பொட்டலம் கட்டி எடுத்துச்செல்வதும் அவர் பொறுப்பாகவே இருந்தது. முதல் ஆண்டில் அவருடைய கோஷ்டி மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. மறு ஆண்டில், ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றதோடு, எதிர்க் கோஷ்டி எதுவும் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் அந்தப் பருவத்தை முடித்தது. ஒரு பருவம் முழுவதும் எதிரிக்கு ஒரு புள்ளியும் கொடாமை என்பது, அந்த ஆட்டத்தின் நெடிய சரித்திரத்தில் மிகமிக அபூர்வமாக நிகழ்ந்த சம்பவம்.

உலக யுத்தத்தை முன்னிட்டு 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரியில் கோஷ்டி இல்லை. ராபின்சன் அவ்வூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கலானார். அக் காலத்தைப் பற்றிக் கூறப்படும் ஒரு சம்பவம் அவருடைய சுபாவத்தை நன்கு காட்டுகிறது. அறுவடைக் காலம் வந்ததும், கோஷ்டியின் நல்ல ஓட்டக்காரர்களாகிய சகோதரர் இருவரை, பருத்தி எடுக்க ஆள் போதவில்லை என்று அவர்களுடைய தகப்பனார் ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார். பயிற்சியாளர் அவரோடு வாதாடவுமில்லை, அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. கோஷ்டி முழுவதையும் திரட்டிக்கொண்டு நேரே அந்த வயலுக்குப் போனார். தோளில் மாட்டிய நீண்ட சாக்குப் பை தரையில் இழுபட, குனிந்த முதுகு நிமிராமல், வெடித்த காயின் ஓட்டு முனை விரலைக் கீறுவதையும் பொருட்படுத்தாமல், அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து பருத்தியை எடுத்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது, சகோதரர் இருவரும் ஆட வந்தார்கள். வாரத்திற்கு உழுத குடும்பத்தில் பிறந்தவராகையால், அந்தத் தகப்பனாரின் கஷ்டம் எத்தகையது என்பதை ராபின்சன் அறிந்திருந்தார். சிஷ்யனுடைய குடும்பத்தின் பாரத்தையும் தன் பாரமாக ஏற்கும் மனம் உள்ளவனைத்தான் நல்லாசிரியன் என்று சொல்லத் தகும்.

அவர் வாழ்ந்த தேசச் சூழ்நிலையை மறந்துவிட்டு அவருடைய வெற்றிகளை எடைபோடுவது நியாயமாகாது. தெற்கு மாநிலங்களில் நிறபேதம் வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை, சட்டமாகவே இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே போட்டியில் சேர்ந்து விளையாடலாகாது என்று லூயிசியானா சட்டசபை 1956ஆம் ஆண்டிலே, அதாவது பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரித்துவைப்பது செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, புதிதாக ஒரு சட்டமே இயற்றிற்று. நீதிமன்றங்கள் தலையிட்டு அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மாநிலத்தின் கோடியில், வெளி உலகம் எட்டிப் பாராத ஒரு கல்லூரியிலிருந்துதான், ராபின்சன் தம் மாணவர்களைத் தேசத்தின் பெரிய தொழில்முறைக் கோஷ்டிகளுக்குள் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவைத்தார்.

அவர்களில் முதல்வர் பால் யங்கர். 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கோஷ்டியில் அவர் சேர்ந்தபோது, கறுப்பர் கல்லூரி ஒன்றிலிருந்து தேசியப் புட்பால் லீகிற்குச் சென்ற முதல் ஆட்டக்காரர் என்ற ஸ்தானம் அவருக்குக் கிட்டியது. நீ தோற்றுத் திரும்பினால், கறுப்பர் கல்லூரிகளின் தலைசிறந்த வீரனை எடுத்துப் பார்த்தாயிற்று, அவனாலேயே முடியவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற கருத்துப்பட ராபின்சன் அவரை எச்சரித்து அனுப்பினார். ஓர் இளைஞனின் தோள்மீது ஓர் இனத்தின் பாரத்தையே ஏற்றிவைப்பது கொடுமைதான். ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றியது காலமேயன்றி, அதை அவனுக்கு ஒளிவுமறைவின்றி எடுத்துச்சொன்ன ஆசிரியரல்லர். யங்கர் பத்துப் பருவங்கள் நிலைத்து ஆடினார். 1963இல் பக் புக்கானன், மற்றொரு தொழில்முறை அமைப்பாகிய அமெரிக்கப் புட்பால் லீகின் புதிய ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், புக்கானன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வர் தொழில்முறைப் புட்பாலின் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றார்கள். மொத்தத்தில் 200க்கும் மேற்பட்ட மாணவர்கள், அவருடைய கையிலிருந்து தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றிருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. கறுப்பன் ஓடலாம், மோதலாம், பந்தைப் பிடிக்கலாம். ஆனால் மற்றவரை நடத்தும் அறிவு வேண்டிய குவார்ட்டர்பேக் ஸ்தானத்திற்கு அவன் தகுதியற்றவன் என்ற துர்எண்ணம் நெடுங்காலம் நிலவியது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பினத்தவனைத் தொழில்முறைக் கோஷ்டிகள் எடுத்தாலும், வேறு ஸ்தானத்திற்கு மாற்றிவிடுவது வாடிக்கையாக இருந்தது. ராபின்சன் இதை எதிர்த்துப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு மாணவனைத் தயாரித்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற இளைஞனை, அந்த ஸ்தானத்திற்கென்றே நான்கு ஆண்டுகள் பழக்கி, எவர் சொன்னாலும் வேறு ஸ்தானத்திற்கு உடன்படாதே என்று திடப்படுத்தி, 1969இல் பஃபலோ கோஷ்டிக்கு அனுப்பினார். அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகக் களம் இறங்கினார். அவருக்குப் பின் கிராம்பிளிங்கில் அதே ஸ்தானத்தில் பழகியவர் டக் வில்லியம்ஸ். 1978ஆம் ஆண்டுத் தேர்வில் முதற் சுற்றிலேயே எடுக்கப்பட்ட அவர், பத்து ஆண்டுகள் கழித்து, 1988 ஜனவரி 31ஆம் தேதி, சான் டியாகோ நகரில் நடந்த சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் வாஷிங்டன் கோஷ்டியை நடத்தினார்.

அந்த ஆட்டத்தைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். முதற் கால் பாகம் முடிந்தபோது டென்வர் கோஷ்டி 10க்குப் பூஜ்யம் என்று முன்னணியில் இருந்தது. வில்லியம்ஸ் கால் வழுக்கி முழங்கால் பிசகி, சிறிது நேரம் வெளியே நிற்க வேண்டியதாகவும் ஆயிற்று. நோவோடு திரும்பி வந்த அவர், இரண்டாம் கால் பாகத்தில் மட்டும், பந்தை மைதானத்தின் மறுகோடியில் சேர்க்கும் டச்டவுன் வீச்சுகள் நான்கைச் செய்ய, அந்தப் பதினைந்து நிமிஷ ஆட்டத்தில் வாஷிங்டன் 35 புள்ளிகள் சேர்த்தது. ஆட்டத்தின் முடிவு 42க்கு 10. வில்லியம்ஸ் வீசிய பந்துகளால் கிடைத்த தூரம் 340 கெஜம். சூப்பர் பவுலில் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக்காகவும், அன்றைய ஆட்டத்தின் தலைசிறந்த வீரராகவும் அவர் மைதானத்தை விட்டு வெளியே வந்தபோது, அவரைப் பழக்கிய ஆசிரியரும் அதே மைதானத்தில் இருந்தார். கறுப்பினத்தவனால் ஒரு கோஷ்டியை நடத்த இயலுமா என்ற கேள்வியை அதன் பிறகு எவரும் நேர்மையோடு கேட்க முடியாதபடி செய்த அந்தப் பதினைந்து நிமிஷங்களுக்குப் பின்னே, ஓர் ஆசிரியரின் இருபது ஆண்டு யோசனை இருந்தது.

ராபின்சனின் கீர்த்தி மைதானத்தோடு நிற்கவில்லை. விடியற்காலையில் மாட்டு மணி ஒன்றைக் கையில் ஆட்டிக்கொண்டு மாணவர் விடுதியின் நடைகளில் நடந்து, வகுப்புக்கு எழுந்திருங்கள் என்று அவர் பிள்ளைகளை எழுப்பியதை, வயது முதிர்ந்த பின்னும் அவருடைய மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். வெளியூர்ப் பயணத்தில் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிய வேண்டும். மேஜையில் முறையாக உண்ணப் பழக வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பட்டம் பெற்றே வெளியேற வேண்டும் என்பது அவருடைய நியமம். இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 1967இல் கிராம்பிளிங் மாணவர்களே கிளர்ச்சி செய்து, இந்தக் கல்லூரியில் புட்பாலுக்குள்ள மதிப்பு படிப்புக்கு இல்லை என்று முறையிட்டார்கள். பலர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம். ஆட்டத்தின் புகழ் நூல்நிலையத்தின் குறைகளை நிரப்பிவிடாது. மறு ஆண்டே நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் கிராம்பிளிங் ஆட்டத்தைக் காணத் திரண்டார்கள். 1976இல் அந்தக் கோஷ்டி டோக்கியோ வரை சென்று ஆடியது. இவற்றால் கல்லூரியின் பெயர் பரவியது உண்மை. அந்தப் பெயருக்கு ஏற்ற கல்வி வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டியது மாநிலத்தின் கடமையேயன்றி, ஒரு பயிற்சியாளரின் கடமையன்று என்பதும் உண்மை. கறுப்பர் கல்லூரிகளைத் தனியே பிரித்துவைத்த அதே அரசாங்கம்தான் அவற்றுக்குப் பொருளுதவி செய்வதிலும் கை இறுக்கியது.

1985 அக்டோபர் 5ஆம் தேதி, டல்லாஸ் நகரின் காட்டன் பவுல் மைதானத்தில் பிரெய்ரி வியூ கோஷ்டியை 27க்கு 7 என்று வென்றபோது, அது ராபின்சனின் 324ஆவது வெற்றி. அலபாமா சர்வகலாசாலையின் பிரக்யாதி பெற்ற பயிற்சியாளர் பால் பிரையன்ட் ஈட்டியிருந்த 323 வெற்றிகளை அவர் அன்று தாண்டினார். உடனே சிலர், அவர் வென்றதெல்லாம் சிறிய கறுப்பர் கல்லூரிகளைத்தானே, பெரிய சர்வகலாசாலைகளை எதிர்த்து ஆடினாரா என்று கேட்கத் தலைப்பட்டார்கள். இந்தக் கேள்வி என் மனத்தை இன்றும் வருத்துகிறது. எதிரியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சட்டத்தாலும் சம்பிரதாயத்தாலும் ஒருவரிடமிருந்து பறித்துவிட்டு, பிறகு நீ யாரை எதிர்த்து ஆடினாய் என்று அவரிடமே கணக்குக் கேட்பது, அநீதியை இருமுறை செய்வதாகும்.

அவருடைய வாழ்க்கையின் மிகச் சிக்கலான பகுதியைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1970இல் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின வீரர்கள் நிறைந்த தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலைக் கோஷ்டி அலபாமாவை 42க்கு 21 என்று முறியடித்தது. தெற்கின் பெரிய சர்வகலாசாலைகள் ஒவ்வொன்றாகக் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்க்கலாயின. ராபின்சன் சிறுவனாக இருந்தபோது உள்ளே நுழையவிடாத பேட்டன் ரூஜ் சர்வகலாசாலையும் கதவைத் திறந்தது. தர்மம் வென்றது. ஆனால் அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தவை கிராம்பிளிங் போன்ற கல்லூரிகள். முன்பு வேறு போக்கிடம் இல்லாமல் தம்மிடம் வந்த திறமைசாலிகள், பெரிய மைதானங்களும் டெலிவிஷன் புகழும் உள்ள இடங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். ராபின்சன் இதைக் கண்டு கசப்படையவில்லை. 1995இல் 400ஆவது வெற்றியைக் கண்ட அவருடைய கோஷ்டி, அந்த ஆண்டையும் சேர்த்துத் தொடர்ந்து மூன்று பருவங்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் கண்டது. 1996இன் இறுதியில் அவரை விலக்கிவிட வேண்டுமென்ற முயற்சி எழுந்தபோது தேசமெங்கும் ஆட்சேபம் கிளம்பி, இன்னும் ஒரு பருவம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1997இல் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கில் நின்றவை 408 வெற்றிகளும் 165 தோல்விகளும் 15 சமநிலைகளும். ரூஸ்வெல்ட் முதல் கிளின்டன் வரை பதினொரு ஜனாதிபதிகளின் காலம் அவருடைய உத்தியோக காலத்தில் அடங்கியது. கிராம்பிளிங்கில் அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய மாணவர் டக் வில்லியம்ஸ்.

ஒரே வேலை, ஒரே மனைவி என்பதே தம் உண்மையான சாதனை என்று ராபின்சன் சொல்லிக்கொள்வதுண்டு. 1941இல் மணந்த டோரிஸ் அம்மையாரோடு 2007 ஏப்ரல் 3ஆம் தேதி தம் ஆயுள் முடியும்வரை இல்லறம் நடத்தியவர் அவர். அந்த ஸ்திர புத்தியைப் போற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். விசுவாசத்தைப் புகழும்போது, அடைத்துக் கிடந்த கதவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லூரிப் புட்பாலின் பெரும் பிரிவைச் சேர்ந்த ஒரு சர்வகலாசாலை கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது 1979இல்தான். விசிட்டா மாநில சர்வகலாசாலை, வில்லி ஜெஃப்ரீஸ் என்பவரை நியமித்தது. நவீன காலத்துத் தேசியப் புட்பால் லீகில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் வந்தது 1989இல். ராபின்சனின் திறமை உச்சத்தில் இருந்த முப்பது ஆண்டுகளில் அவரை அழைக்க மனமில்லாதவர்கள், பின்னாளில் அவருடைய பொறுமையை ஒரு சத்குணமாக எடுத்துக்காட்டித் தங்கள் குற்றத்தை மறைத்துக்கொள்ள இடம் தரலாகாது. கிடைத்த இடத்தில் அவர் ஆற்றிய பணி பெரிது. வேறு இடம் கிடைக்காமற் செய்யப்பட்டது பெரிய தவறு. இரண்டையும் சேர்த்தே சரித்திரத்தில் எழுத வேண்டும்.

எண்ணிக்கைகள் நிலையானவையல்ல. மின்னசோட்டாவின் ஒரு சிறிய கல்லூரியில் பயிற்சி அளித்த ஜான் கக்லியார்டி 2003இல் அவரைத் தாண்டி, 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். பென்சில்வேனியா மாநில சர்வகலாசாலையின் ஜோ பட்டெர்னோ 2011இல் 409ஆவது வெற்றியை ஈட்டினார். உதவியாளராயிருந்த ஒருவர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகள் வெளியானதன் விளைவாகப் பட்டெர்னோவின் வெற்றிகளில் 111 கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2015இல் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. ஒரு குழுவின் தீர்மானத்தால் போகவும் வரவும் கூடிய எண்ணை ஓர் ஆசிரியனின் அளவுகோலாகக் கொள்வது எப்படித் தகும்?

கல்லூரிகளை நடத்துகிறவர்களும், அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும், பயிற்சியாளர் ஒருவரை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவரிடம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர் பட்டம் பெற்றுப் போனார்கள்? ஆட்டம் நின்றுபோன பின்னும் அவர்களுக்கு ஜீவனத்திற்கு வழி இருந்ததா? உலகம் உன்னால் முடியாது என்று சொன்ன காரியத்திற்கு அவர் யாரைத் தயாரித்தார்? கோடிக் கணக்கில் ஒப்பந்தம் எழுதுமுன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கும் துணிவு அமெரிக்க சர்வகலாசாலைகளுக்கு வர வேண்டும். அந்தத் துணிவு வருமானால், மாதம் 63 டாலர் 75 சென்டுக்குச் சேர்ந்த கிராம்பிளிங் ஆசிரியரே அந்த ஆட்டத்தின் பயிற்சியாளர் அனைவரிலும் தலைசிறந்தவர் என்பதை அவை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.